மருமகன் ஜொக்கி ஆக நிக்கிறான், கிளிநொச்சியில இருந்து வழி இருக்கோ?

குளக்கட்டு:

வணக்கம். கிளிநொச்சி தர்மபுரத்தில இருந்து எழுதுறன். அக்கான்ர மகனுக்கு 15 வயது. உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 41 கிலோ. வாற வருசம் ஓ.எல். சின்னனில இருந்தே மாட்டுவண்டிச் சவாரியெண்டால் உயிர். காளையளுக்குத் தீன் வைக்கிறது, குளிப்பாட்டுறது, சவாரித் திடலில பிடிச்சுக்கொண்டு நிக்கிறது எல்லாம் செய்வான். இப்ப யூரியூப்பில குதிரை றேஸ் பாத்திட்டு ஜொக்கியாத்தான் வருவன் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். மறிச்சுப் பிரியோசனமில்லை, சரியான வழியையாவது காட்டுவம் எண்டுதான் கேக்கிறன்.

இந்தத் தொழிலுக்குள்ள போற படிமுறை என்ன? எந்த நாட்டில தொடங்கலாம்? நிறை குறைய வேணுமெண்டு இப்பவே இராச்சாப்பாட்டை விட்டிட்டான், அது சரியோ? ஒரு ஏஜென்ற் கட்டாரில லாய வேலை எடுத்துத் தாறன், ஒரு வருசத்தில ஜொக்கி ஆக்கிவிடுவினம், ஆறு லட்சம் எண்டு சொல்லுறார். வயது காணாட்டி பாஸ்போட்டில மாத்தலாமாம். கடைசியா, நெடுந்தீவுக் குதிரையளில பழகலாமோ எண்டும் பெடியன் கேக்கிறான்.

தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

ஒப்பந்தம் பார்:

அண்ணை, முதல் அந்த ஏஜென்றின்ர தொடர்பை வெட்டுங்கோ. வயதை மாத்தலாம் எண்டு சொன்ன வாயில இருந்து வாற மற்ற எந்தச் சொல்லையும் நம்ப ஏலாது. அது குற்றம். பிடிபட்டால் அகப்படுறது பெடியன்தான், பிறகு அந்த நாட்டுப் பக்கமே போக ஏலாமல் போகும்.

வளைகுடாவில பிள்ளையளை ஒட்டகப் பந்தயத்துக்குக் கொண்டுபோன காலம் கனதூரத்தில இல்லை. பாகிஸ்தான், வங்காளதேசம், சூடான், மொரிட்டானியா எண்டு ஏழைக் குடும்பங்களில இருந்து சின்னஞ்சிறிசுகளைக் கொண்டுபோய் ஓட விட்டவை. 2005இல ஐக்கிய அரபு இராச்சியம் 18 வயதுக்குக் குறைஞ்சவை ஏறக்கூடாது எண்டு சட்டம் போட்டு, யுனிசெவ்வோட சேர்ந்து பிள்ளையளை ஊருக்குத் திருப்பி அனுப்பினது. இப்ப ஒட்டகத்தில றோபோதான் ஏறுது. நிறை குறைஞ்ச பெடியன் எண்ட உடனை ஆருக்குக் கண் போகுமெண்டு விளங்குதுதானே.

இன்னொண்டு. ஜொக்கி லைசென்ஸ் குடுக்கிறது ஏஜென்சியும் இல்லை, லாய முதலாளியும் இல்லை. அந்தந்த நாட்டுப் பந்தய நிர்வாகம்தான் குடுக்கும். ஐக்கிய அரபு இராச்சியத்தில அது எமிரேட்ஸ் றேசிங் ஒதோறிற்றி. கட்டாரில குதிரைப் பந்தய, குதிரையேற்றக் கழகம். ஆகவே “ஜொக்கி ஆக்கிவிடுவினம்” எண்ட வாக்குறுதிக்குப் பெறுமதி இல்லை. போற ஆளின்ர ஒப்பந்தத்தில குதிரைப் பராமரிப்பாளர் எண்டோ பொதுத் தொழிலாளி எண்டோதான் இருக்கும். பொதுத் தொழிலாளி எண்டு இருந்தால் குதிரைக்குக் கிட்டப் போகாமல் வைக்கோல் ஏத்தி இறக்கிறதிலயே ஒப்பந்தக் காலம் முழுக்கப் போகலாம்.

18 முடிஞ்ச பிறகு லாய வேலைக்கு அனுப்ப யோசிச்சால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்ச ஏஜென்சியோ எண்டு லைசென்ஸ் இலக்கத்தைக் கேட்டு, பணியகத்தின்ர 1989 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சரிபாருங்கோ. பிரதேச செயலகத்திலயும் அதுக்கெண்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஒப்பந்தத்தில பாக்க வேண்டியது: தொழிலின்ர பேர், அடிப்படைச் சம்பளம், எத்தினை குதிரை பாக்க வேணும், குதிரையில ஏறேக்க விழுந்தால் காப்புறுதி அதுக்குப் பொருந்துமோ. இந்தக் கடைசிதான் கனபேர் கேக்காமல் விடுறது. லாயத் தொழிலாளியா விசா எடுத்த ஆள் குதிரையில இருந்து விழுந்தால், “அது உன்ர வேலை இல்லை” எண்டு கைவிட வழியிருக்கு. கட்டாரில முதலாளி பாஸ்போட்டைப் பிடிச்சு வைக்கிறது அந்த நாட்டுச் சட்டப்படியே பிழை. அதையும் பெடியனுக்குச் சொல்லிவையுங்கோ.

லாயத்து விளக்கு:

ஏஜென்ற் விசயத்தில மேலே சொன்னதுக்குக் கூட்ட ஒன்றுமில்லை. தொழிலைப் பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஜொக்கி ஆகிற பாதை லாயத்து வாசலால்தான் போகிறது. எந்த நாட்டிலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் குதிரையை நிலத்தில் நின்று பராமரிக்கிறவர், பிறகு காலை ஓட்டப் பயிற்சிக்கு ஏறுகிறவர், பிறகு பயிலுநர் ஜொக்கி, கடைசியாகத்தான் முழு ஜொக்கி. இரண்டாம் படியிலேயே வாழ்நாள் முழுக்க நின்று நல்ல சம்பளத்தோடு வேலை செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு பெரிய லாயத்தில் காலையில் ஏறுகிற ஆட்கள் பலர். அவர்களில் பந்தயத்துக்கு ஏறுகிறவர் ஒருவரோ இருவரோதான். இந்த விகிதத்தை மருமகனுக்கு இப்போதே சொல்லுங்கள்.

முதல் படியில் ஒருவருக்கு மூன்று, நாலு குதிரை. விடிய முதலே வேலை தொடங்கும். வந்தவுடன் பார்க்கிறது தீன் தொட்டி. இரவு வைத்த தீன் மிஞ்சியிருந்தால் அந்தக் குதிரைக்கு ஏதோ சரியில்லை. அடுத்தது சாணம்: வழமையிலும் குறைவோ, காய்ந்திருக்கிறதோ. பிறகு முன்காலின் பின்பக்கம், முழங்காலுக்குக் கீழே, தசைநாண் ஓடுகிற இடத்தை விரல்களால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காலை விட மற்றக் கால் சூடாக இருந்தால், சின்னதாக வீங்கியிருந்தால், அன்றைக்கு அந்தக் குதிரை ஓடக்கூடாது. அந்தச் சூட்டைக் கவனிக்காமல் விட்டு வேகமாக ஓட விட்டால் தசைநாண் கிழியும், குதிரை மாதக்கணக்கில் நிற்கும், சிலவேளை திரும்ப ஓடவே மாட்டாது. உடல் வெப்பநிலை 37.5க்கும் 38.5 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்க வேண்டும். ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. குளம்பைக் குதியில் தொடங்கி நுனிப்பக்கமாகக் கிளறித் துப்புரவாக்க வேண்டும். கிட்டப் போகிறபோது இடது தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். நேர் பின்னுக்கும் நேர் முன்னுக்கும் குதிரைக்குக் கண் தெரியாது, அங்கே நின்று திடுக்கிட வைத்தால் உதை விழும்.

இதெல்லாம் ஜொக்கிக்கு ஏன் என்று பெடியன் கேட்பான். பந்தயத்துக்கு முன் நடக்க விடுகிறபோதே காலில் பிசகு இருக்கிறதை முதுகில் இருந்து உணர்கிறவர்கள் இந்த வேலையைச் செய்து வந்தவர்கள்தான். அதை உணராமல் ஓட விடுகிறவருக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து.

இரண்டாம் படி காலை ஓட்டம். நடை, பெருநடை, மெல்லோட்டம், பிறகு பாய்ச்சல். தொடக்கத்தில் குதிரையின் கழுத்தில் ஒரு தோற்பட்டி கட்டியிருக்கும். தள்ளாடினால் அதைப் பிடிக்க வேண்டும், கடிவாள வாரைப் பிடித்துத் தொங்கக்கூடாது. வாரில் தொங்கினால் இரும்பு வாயை வெட்டும், குதிரை இன்னும் வேகமாக இழுக்கும். இழுக்கிற குதிரையைக் கைப்பலத்தால் யாராலும் நிறுத்த முடியாது, அது 450, 500 கிலோ மிருகம். அதற்கு வாரைப் பாலம் போடப் பழக வேண்டும். இரண்டு வாரையும் கழுத்துக்குக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டு கையும் இரண்டு வாரையும் சேர்த்துப் பிடித்து, விரல் மொளிகளைப் பிடரி முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் கழுத்தில் ஊன்ற வேண்டும். இப்போது குதிரை இழுக்கிறது தன் கழுத்தையே. ஏறுகிறவரின் கை சோராது.

பிறகு நேரக்கணக்கு. ஒரு ஃபர்லாங் 200 மீற்றர் சொச்சம். “பதினைந்தில் விடு” என்று பயிற்சியாளர் சொன்னால் ஒவ்வொரு ஃபர்லாங்கும் 15 செக்கனில் போக வேண்டும், மணிக்கு 48 கிலோமீற்றர் அளவில். பந்தய வேகம் 12 செக்கன், மணிக்கு 60. கையில் மணிக்கூடு பார்க்க முடியாது, எண்ணிக்கை தலைக்குள் ஓட வேண்டும். 15 சொன்னதை 13இல் விட்டால் பந்தயத்துக்கு வைத்திருந்த பலம் பயிற்சியில் செலவாகிவிடும். இந்தக் கணக்குப் பிடிபடாத ஆளைப் பயிற்சியாளர் நல்ல குதிரையில் ஏற்ற மாட்டார்.

குனிந்து ஏறுகிற அந்த இருப்புத்தான் பெடியனை இழுத்திருக்கும். அது 1890களின் கடைசியில் அமெரிக்கர் டொட் ஸ்லோன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பரவின முறை. அதற்கு முன் நீட்டின காலோடு நிமிர்ந்துதான் இருந்தார்கள். 2009இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வு ஒன்று, அந்த இருப்புப் பரவின காலத்தில் பந்தய நேரம் 5 முதல் 7 வீதம் வரை குறைந்ததைக் காட்டிக் காரணத்தையும் அளந்தது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் குதிரையின் உடல் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஆடுகிறது. ஜொக்கி முழங்காலாலும் கணுக்காலாலும் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொண்டு தன் உடலை ஒரே கோட்டில் வைத்திருந்தால், குதிரை அவரின் நிறையைத் தாங்கினால் போதும், ஒவ்வொரு முறையும் தள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை. செலவாகிறது ஜொக்கியின் தொடைப் பலம். ஆகவே தொடை சோர்ந்து சேணத்தில் “டொப்” என்று இருந்துவிட்டால் கடைசி 200 மீற்றரில் குதிரை தாளம் தப்பும்.

மலைநாட்டுக் குளிர்:

இலங்கைக்குள்ள இருக்கிற வாய்ப்பைச் சொல்லுறன். பந்தயம் எண்டால் நுவரெலியாதான். 1875இல தொடங்கின திடல். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில, ஏப்ரலில, பெரிய பந்தயங்கள் நடக்கும், ஆளுநர் கிண்ணம் அதிலதான். கொழும்புப் பந்தயத் திடல் 1893இல திறந்தது, 1950களில பந்தயம் நிண்டுபோச்சு, இப்ப அங்கை றகர் விளையாடுகினம். ஆக, வருசம் முழுக்க ஜொக்கியா உழைச்சுச் சாப்பிட இலங்கையில பந்தயம் காணாது. இதை மறைக்காமல் பெடியனுக்குச் சொல்லுங்கோ.

ஆனால் பாக்கவும் பழகவும் இடமிருக்கு. ஓ.எல் முடிஞ்ச பிறகு ஒரு ஏப்ரலில கூட்டிக்கொண்டு போங்கோ. ஏ9 வழியா கண்டி, அங்கயிருந்து நுவரெலியா பஸ். பந்தய நாளில போனால் தொப்பியும் சனமும்தான் தெரியும். முதல் நாள் விடியப்பறம் திடலுக்குப் போனால் குதிரையளை ஓட விடுறதைப் பாக்கலாம். லாயக்காரர் எப்பிடிக் குதிரையைக் கொண்டுவருகினம், ஓடி முடிஞ்ச குதிரையை எவ்வளவு நேரம் நடத்தி ஆற விடுகினம் எண்டு பாத்தாலே பெடியனுக்கு இது தனக்குச் சரிவருமோ எண்டு விளங்கும். அந்தக் குளிரில ஐஞ்சு மணிக்கு எழும்புறதும் ஒரு சோதனைதான்.

குதிரையேற்றம் பழகக் கொழும்பிலயும் நுவரெலியாவிலயும் இடங்கள் இருக்கு. காசு கூட. 18க்குப் பிறகு பொலிசில சேர்ந்து குதிரைப் பிரிவுக்குப் போறதும் ஒரு வழி, அரசாங்கச் சம்பளத்தோட குதிரை பழகலாம். ஆனால் பொலிஸ் சேவைக்கு உயர வரையறை இருக்கு, ஜொக்கி அளவில நிக்கிற பெடியனுக்கு அது இடிக்கலாம்.

நெடுந்தீவுக் குதிரையள் காட்டுக் குதிரையள். வனசீவராசிகள் திணைக்களத்தின்ர பாதுகாப்பில இருக்கு. பிடிக்கிறது, கயிறு போடுறது, ஏறுறது ஒண்டும் செய்யக்கூடாது. பழக்கப்படாத குதிரையில பழகாத பெடியன் ஏறினால் நடக்கிறது எலும்பு முறிவு மட்டும்தான்.

சத்துணவு வவுனியா:

15 வயதுப் பிள்ளை இரவுச் சாப்பாட்டை விடுவது இன்றைக்கே நிற்க வேண்டும். பெடியன்களுக்கு 17, 18 வரை எலும்பு நீளமும் அடர்த்தியும் கூடுகிற காலம். இந்த வருடங்களில் பட்டினி கிடந்தால் உயரம் குறையும் என்று நம்பி ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் குறைவது எலும்பின் அடர்த்தி. விழுந்து எழும்புகிற தொழிலுக்குப் போகிறவருக்கு அதைவிடக் கேடு இல்லை. பல நாட்டு ஜொக்கிகளை ஆராய்ந்ததில் எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

உடல் ஒத்துவருமோ என்று பார்க்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. தகப்பன் உயரம், தாய் உயரம், அதோடு 13 கூட்டி இரண்டால் பிரியுங்கள், சென்ரிமீற்றரில். தகப்பன் 165, தாய் 152 என்றால் 330ஐ இரண்டால் பிரிக்க 165. பெரும்பாலான பெடியன்கள் இந்த எண்ணுக்கு எட்டரை சென்ரிமீற்றர் மேலே கீழே நிற்பார்கள். இனி நிறை. உடற்திணிவுச் சுட்டி, அதாவது நிறையைக் கிலோவில் எடுத்து மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரிக்க வருகிற எண், 18.5க்குக் கீழே போகக்கூடாது. 165 உயரத்துக்கு அது 50.4 கிலோ. 172 வந்துவிட்டால் 54.7 கிலோ. பிரித்தானியாவில் தட்டைப் பந்தயத்தின் (தடைகள் இல்லாத ஓட்டம்) அடிமட்ட நிறை 8 ஸ்ரோன் அளவில், அதாவது 51 கிலோ சொச்சம், அதுவும் சேணம், உடுப்பு, சப்பாத்து எல்லாம் சேர்த்து. ஆகவே 165இல் நின்றால் உடம்பைக் கெடுக்காமல் 52, 53 கிலோவில் வேலை செய்ய இடமுண்டு. 172 என்றால் தட்டைப் பந்தயம் ஒவ்வொரு நாளும் உடம்போடு சண்டை. பிரித்தானிய ஜொக்கி லெஸ்ரர் பிகொட் அந்த உயரத்தில் இங்கிலாந்தின் பெரிய பந்தயமான டேர்பியை ஒன்பது தரம் வென்றார் என்று யாரும் உதாரணம் காட்டலாம். அவர் வாழ்நாள் முழுக்கப் பட்டினியோடு ஏறினவர், பிள்ளைக்குக் காட்டுகிற உதாரணம் அதுவல்ல. உயரம் கூடினவர்களுக்குத் தடை தாண்டும் பந்தயம் இருக்கிறது, அங்கே நிறை 10 ஸ்ரோனுக்குச் சற்று மேலே, 64 கிலோ அளவில், தொடங்குகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருக்கால் உயரத்தையும் நிறையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரு வருடத்தில் 2 சென்ரிமீற்றருக்குக் குறைவாக வளர்கிற நிலை வந்தால்தான் கடைசி உயரம் கிட்டிவிட்டது. அதற்கு முன் முடிவு எடுக்க வேண்டாம்.

சாப்பாட்டில் குறைக்க வேண்டியது சீனித் தேத்தண்ணி, சோடா, பணிஸ், பொரியல். கூட்ட வேண்டியது நெத்தலி, முட்டை, பயறு, முருங்கையிலை, குரக்கன், பால். குரக்கனில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் இருக்கிறது, குரக்கன் புட்டும் கூழும் எங்கட வீடுகளில் புதிசில்லை.

வியர்வையில் நிறை இறக்குகிற பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வெந்நீர்த் தொட்டி, பிளாஸ்ரிக் உடுப்போடு ஓட்டம், மூத்திரம் போக வைக்கிற குளிசை. 50 கிலோ ஆளுக்கு ஒரு கிலோ நீர் போனாலே அது உடலின் 2 வீதம். கைகால் ஒத்துழைப்பும் முடிவெடுக்கிற வேகமும் குறையும். அந்தக் குளிசைகள் தடைசெய்யப்பட்டவை, மூத்திரப் பரிசோதனையில் அகப்பட்டால் லைசென்ஸ் போகும். பிரித்தானியப் பந்தயத் திடல்களில் வியர்வை அறைகளையே 2021இல் நிரந்தரமாக எடுத்துவிட்டார்கள்.

குளக்கட்டு:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஏஜென்றுக்கு மாட்டன் எண்டு சொல்லியாச்சு. சத்துணவு அக்கா சொன்ன கணக்கை அவனோட இருந்து போட்டுப் பாத்தம், 163 வருது. இரவு புட்டுச் சாப்பிட்டவன்.

இன்னும் ரெண்டு கேள்வி. 18 மட்டும் வீட்டில இருந்துகொண்டு என்ன பழகலாம்? உழைப்பு எப்பிடி? பயிலுநருக்கு நிறைச் சலுகை எண்டு ஒண்டு இருக்காம், அது விளங்கேல்லை. அதோட அவன்ர தங்கச்சி, 12 வயது, கண்ணாடி போடுறவள், தானும் வருவாளாம்.

லாயத்து விளக்கு:

163 நல்ல எண். ஆனாலும் கொப்பியை விடாதீர்கள்.

வீட்டில் பழகக்கூடியது நிறைய. நிலத்தில் கிடக்கிற ஒரு மரக்குற்றியிலோ தடித்த பலகையிலோ முன்பாதத்தால் நின்று, முழங்காலை மடித்து, முதுகு நிலத்துக்குச் சமாந்தரமாக, கை இரண்டும் முன்னுக்கு. 30 செக்கனில் தொடங்கி மூன்று தரம். கிழமைக்குக் கிழமை கூட்டி இரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 1600 மீற்றர் பந்தயம் ஒன்று ஒரு நிமிடம் நாற்பது செக்கன் அளவில் முடியும், ஆகவே இரண்டு நிமிடம் காரணமில்லாத எண் இல்லை. குதி கீழே போகப் பழக வேண்டும். குதி மேலே எழும்பினால் அங்கவடியில் கால் முன்னுக்கு வழுக்கும். விழுகிறபோது கால் அங்கவடியில் சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டு போகும், இந்தத் தொழிலில் பயங்கரமான விபத்து அதுதான். அதோடு ஒற்றைக்காலில் குந்தி எழும்புதல், முழங்கை ஊன்றிக் கிடையாக நிற்றல், சைக்கிள், நீச்சல். விழுந்து உருளவும் பழக வேண்டும், மணலில், நாடியை நெஞ்சோடு சேர்த்து, கையை ஊன்றாமல். விழுகிறபோது கையை நீட்டி ஊன்றுவதால்தான் காறை எலும்பு முறிகிறது, ஜொக்கிகளுக்கு அடிக்கடி நடக்கிற காயம் அது.

சவாரிக் காளைகளோடு பழகினது வீண்போகாது. மிருகத்தின் காதையும் கண்ணையும் பார்த்து மனநிலை அறிகிறது, அமைதியான கை, நேரத்துக்குத் தீன், இதெல்லாம் அப்படியே கைகொடுக்கும். விட வேண்டிய ஒன்று தடிப் பழக்கம். பிரித்தானியாவில் 2023 முதல் தட்டைப் பந்தயத்தில் ஆறு தரம், தடை தாண்டலில் ஏழு தரம், அதற்கு மேல் சவுக்குப் பாவித்தால் ஜொக்கிக்குத் தடை. எல்லைக்கு மேல் நாலு தரம் கூடினால் வென்ற குதிரையே தகுதி இழக்கும். சவாரித் திடலில் இப்போதிருந்தே தடியில்லாமல் குரலால் ஓட்டிப் பழகச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் கட்டாயம். வளைகுடா லாயம் என்றால் ஹிந்தியும் உதவும்.

நிறைச் சலுகை இப்படி. பந்தயத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் சுமக்க வேண்டிய நிறை குறிக்கப்படும். ஜொக்கி சேணத்தோடு தராசில் ஏறி அந்த நிறையைக் காட்ட வேண்டும், குறைந்தால் சேணத்துக்குக் கீழே போடுகிற துணிப்பைகளில் ஈயத் தகடு வைப்பார்கள். ஓடி முடிந்து திரும்பத் தராசில் ஏற வேண்டும். ஈயத்தகடு ஒன்று வழியில் விழுந்து நிறை குறைந்தால் வெற்றி பறிபோகலாம். பயிலுநருக்கு அனுபவம் குறைவு என்பதால் அவர் ஏறுகிற குதிரைக்கு நிறையில் கழிவு கொடுக்கிறார்கள். பிரித்தானியத் தட்டைப் பந்தயத்தில் 20 வெற்றி வரை 7 இறாத்தல், 50 வரை 5, 95 வரை 3. ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளம் என்பது ஏறக்குறைய 2 இறாத்தல், ஆகவே 7 இறாத்தல் என்றால் மூன்றரை நீளம். கெட்டிக்காரப் பயிலுநரைத் தேடிப் பயிற்சியாளர்கள் வருவது அதனால்தான்.

சிக்கல் 95க்குப் பிறகு. சலுகை போனவுடன் அதே பயிலுநர் முன்னணி ஜொக்கிகளோடு சம நிறையில் போட்டியிட வேண்டும். தொலைபேசி அடிப்பது நிற்கும். தொழிலை விடுகிறவர்களில் கனபேர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். சலுகை இருக்கிற காலத்திலேயே இரண்டு, மூன்று பயிற்சியாளர்களின் காலை ஓட்டத்துக்குத் தவறாமல் போய் நம்பிக்கையைச் சேர்த்தவர் நின்றுபிடிப்பார்.

உழைப்பு இரண்டு வழி. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நிர்ணயித்த கட்டணம், வென்றால் பரிசுப் பணத்தில் பங்கு. அமெரிக்காவில் வென்ற குதிரையின் பங்கில் 10 வீதம் ஜொக்கிக்கு, அதில் அவரின் முகவர் கால்வாசி எடுப்பார். பிரித்தானியாவில் முகவருக்கு 10 வீதம், உடுப்பும் சேணமும் தயார்படுத்துகிறவருக்கு வேறு, பயணச் செலவும் தன்னுடையது. பயிலுநராக இருக்கும்வரை கட்டணத்தில் பயிற்சியாளருக்கும் ஒரு பங்கு. காயப்பட்டு நிற்கிற கிழமைகளில் ஏற்றமில்லை, ஏற்றமில்லாவிட்டால் கட்டணமில்லை. ஜொக்கி பந்தயம் கட்டக்கூடாது, குதிரையின் நிலைமையைக் காசுக்குச் சொல்லவும் கூடாது. ஊரில் இருந்து “எந்தக் குதிரை வெல்லும்” என்று தொலைபேசி எடுக்கிற உறவுகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும்.

முள்ளியவளைக்காரன்:

நாடுகள் பற்றிச் சுருக்கமா. பிரித்தானியாவில நியூமார்க்கற்றிலயும் டொங்காஸ்ரரிலயும் ரெண்டு பள்ளிக்கூடம் இருக்கு. 16 வயதில இருந்து எடுப்பினம், அடிப்படைப் பயிற்சி முடிய லாயத்தில வேலைக்கு அனுப்புவினம், பயிலுநர் லைசென்சுக்கு முதல் திரும்ப வந்து ஒரு கோர்ஸ் செய்ய வேணும். ஆனால் அங்க வசிக்க, வேலை செய்ய உரிமை இருக்கிற பிள்ளையளுக்குத்தான் அந்த வாசல் சுகமாத் திறக்கும். யப்பானில சிபா மாகாணம் சிரோயில மூண்டு வருசப் பள்ளிக்கூடம், படிப்பு யப்பான் மொழியில. இந்தியாவில மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை எண்டு ஐஞ்சு நிர்வாகங்கள். பெங்களூருவில பயிலுநர் பள்ளிக்கூடம் இருக்கு. சென்னை கிண்டித் திடலைத் தமிழ்நாடு அரசாங்கம் 2024 செப்டெம்பரில குத்தகையை ரத்துச் செய்து பூட்டினது, ஆகவே கிண்டியை நம்பித் திட்டம் போடாதேங்கோ. இந்தியாவில தகப்பன், சித்தப்பன் எண்டு குடும்பமா வாற தொழில் இது, நரேடு குடும்பத்தைப் பாத்தால் விளங்கும். வெளியால இருந்து போறவர் லாய வேலையிலதான் தொடங்க வேணும், அதுக்கும் வேலை விசா இல்லாமல் போகக்கூடாது.

வன்னியில இருந்து போற பெடியனுக்கு நடைமுறையில சரிவரக்கூடிய ஒழுங்கு: ஓ.எல், ஏலுமெண்டால் ஏ.எல், அதோட ஆங்கிலம். ஒரு ஏப்ரலில நுவரெலியா. 18க்குப் பிறகு அங்கயே ஒரு பருவ காலம் லாய வேலை. அந்த அனுபவக் கடிதத்தோட பதிஞ்ச ஏஜென்சி மூலம் குதிரைப் பராமரிப்பாளர் எண்ட பேரில வளைகுடா. அங்க காலை ஓட்டத்துக்கு ஏற விட்டால் மேல போகலாம். 20, 21இல தொடங்குறது பிந்தினதுதான், ஆனால் காலை ஓட்டக்காரரா நிக்க அது பிந்தினதில்லை. ஏ.எல் உயிரியல் எடுத்தால் பேராதனையில மிருகவைத்தியமும் இருக்கு, குதிரையோட வாழ அதுவும் வழி.

தங்கச்சிக்கு: பெட்டையளுக்கெண்டு தனிப் பந்தயம் குறைவு, பெரும்பாலும் பெடியளோட சேர்ந்துதான். மிஷெல் பெய்ன் 2015இல மெல்பேர்ன் கிண்ணமும், ரேச்சல் பிளாக்மோர் 2021இல கிராண்ட் நஷனலும் வெண்டவை. கண்ணாடியோட பந்தயத்தில ஏற விடாயினம், பிரித்தானியாவில மென்மையான கண்வில்லை போட்டு ஏறலாம், கடின வில்லை கூடாது. 12 வயதில வருசத்துக்கு ஒருக்கால் கண்ணைச் சோதிச்சு, இலக்கம் எவ்வளவு கூடுது எண்டு அந்தக் கொப்பியிலயே அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கோ.